தொட்டால் அடங்குகிறதா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வயது 19. ஆறு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார். ஆம்பை ஆன் செய்ததுமே 'ர்ர்ர்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை. ஆனால் கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தில் விரல் வைத்தால் சட்டென்று அடங்கிவிடுகிறது. பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) இரண்டையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா, அண்ணா?

பதில்: மாற்ற வேண்டாம், தம்பி. பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜாக்கைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

சுவரில் ஓடும் ஒயர், டியூப் லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் என்று நம்மைச் சுற்றியிருக்கும் எல்லாமே கரண்ட் இரைச்சலைக் கிளப்புகின்றன. நம் உடம்பு ஒரு ஆன்டெனா மாதிரி அதை வாங்கி, மடியில் இருக்கும் கிட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பு எர்த்தோடு சேர்ந்துகொள்ளும், இரைச்சல் அடங்கும். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான கிட்டார்கள் இப்படித்தான். உங்களுடையதில் ஜாக் வரைக்கும் எர்த் வருகிறது, கம்பிக்குப் போகவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ஒயர். வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் உலோகக் கூடு போட்ட பாகம்) முதுகிலிருந்து மரத்துக்குள் துளை வழியாகப் போய், கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகடான பிரிட்ஜுக்கு அடியில் முடியும்.

ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்குங்கள். கேபிளை கிட்டாரில் செருகி, மறுமுனையை ஆம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பிளக்கின் நீளமான உலோகப் பகுதியில் ஒரு முனை, பிரிட்ஜில் மறுமுனை. ஓரிரு ஓமுக்குள் காட்டினால் ஒயர் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜ் ஸ்குரூக்களைக் கழற்றிப் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் என் மேசைக்கு இதே கோளாறோடு ஒரு பேஸ் வந்தது, அதுவும் கடலோர ஊரிலிருந்து. பிரிட்ஜைத் தூக்கினேன். துளையிலிருந்து ஒரு விரற்கடை ஒயர் எட்டிப் பார்த்தது. இழையெல்லாம் பச்சைக் களிம்பு. பிரிட்ஜின் அடிப்பக்கமோ முழுக்கக் கறுப்புப் பெயின்ட். பெயின்டை உப்புத்தாளால் காசு அகலத்துக்குத் தேய்த்து உலோகத்தை வெளியே கொண்டுவந்தேன். களிம்பேறிய நுனியை வெட்டி, புதிதாக இரண்டு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை விசிறி போல் பரப்பி, மேலே பிரிட்ஜை இறுக்கினேன். மீட்டர் 'கீ' என்றது. செலவு ஒரு உப்புத்தாள்.

பிரிட்ஜ் பக்கம் சரியாக இருந்தால் மறுமுனை, அதாவது பாட்டின் முதுகு. அங்கே ஈயம் மங்கலாக, உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக இழுத்தாலே கையோடு வரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் போதாது. பாட்டின் உலோகக் கூடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். 40 முதல் 60 வாட் அயர்ன் எடுத்து, முதுகைச் சுரண்டி, உலோகம் சூடான பிறகு ஈயத்தைக் கொடுங்கள். சூடு பத்தாத இணைப்பு இன்றைக்கு வேலை செய்யும், கிறிஸ்துமஸ் ஆராதனை நடுவில் விட்டுவிடும்.

இதற்கப்புறமும் கையை எடுத்தால் கொஞ்சம் இரைச்சல் வரத்தான் செய்யும். அதையும் குறைக்க வேண்டுமென்றால் உள்குழி முழுக்கத் தாமிரத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு சேருங்கள். ஜாக்கின் சிக்னல் முனை மட்டும் தாளில் படவே கூடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ். இரண்டு வால்யூமும் முழுசாக இருந்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று ஹம். தாமிரத் தாள் ஒட்டியும் போகவில்லை.

பதில்: உங்கள் கிட்டாரில் கோளாறே இல்லை. 1960-இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த அந்த அமைப்பே அப்படித்தான். இரண்டு பிக்கப்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருந்தால் ஒன்றின் ஹம்மை மற்றது அடித்துவிடும். 1957-இலிருந்து வரும் பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப்பை இரண்டு துண்டாக்கி அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

'ர்ர்ர்' வேறு, 'ம்ம்ம்' வேறு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். தடித்த ஈ (E) கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை மீட்டுங்கள், அது 49 ஹெர்ட்ஸ். உங்கள் ஹம் அந்த ஜி சுரத்துக்கு ஒரு பொட்டு மேலே நிற்பது காதுக்கே தெரியும். அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். தாமிரத் தாள் அதைத் தடுக்காது. ஆம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள்; ஒரு கோணத்தில் ஹம் நன்றாகக் குறையும். அங்கேயே நின்று வாசியுங்கள். அது போதாவிட்டால், ஹம்மை அடிக்கும் பிக்கப்கள் ஜாஸ் பேஸ் அளவிலேயே கிடைக்கின்றன. அதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

கேள்வி: பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பேன். சில மண்டபங்களில் மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. ஹம்மும் உண்டு. எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுரீர் என்றதுமே வாசிப்பதை நிறுத்த வேண்டும். கையில் கம்பி, உதட்டில் மைக். ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றதுக்கு இல்லையென்றால் கரண்ட் உங்கள் நெஞ்சு வழியாகத்தான் போகும். மேடையில் இப்படி உயிர் போயிருக்கிறது.

ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து, மூன்று பின்னோடு வரட்டும். இரண்டு பின் கன்வெர்ட்டரைத் தூக்கி எறியுங்கள். சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருந்தாலும் பின்னால் ஒயர் இல்லாத மண்டபங்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் எலெக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். எர்த் சரியான பிறகும் ஹம் இருந்தால் டிஐ பாக்ஸில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்குக் கொடுக்கும் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும்.

அடுத்த நிகழ்ச்சியில் பாடுவதற்கு முன், கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். என்ன காட்டியது என்று எனக்கும் எழுதுங்கள்.