வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

பி.காம். கடைசி ஆண்டில் இருக்கும் மகளை வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க வைக்க, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். அவளுடைய சித்தப்பா வற்புறுத்துகிறார் என்பது ஒரு காரணமே இல்லை. தவணையை அவர் கட்டப்போவதில்லை. ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர் கையில் எம்.பி.ஏ. என்பது பெரும்பாலும் விலை கூடிய இன்னொரு பட்டம், அவ்வளவுதான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. புராஜெக்டுக்காக எடுத்த வோடபோன் வழக்குத் தீர்ப்பை, மதிப்பெண் வந்த பிறகும் அவள் விடாமல் படிக்கிறாளாமே! நாடு விட்டு நாடு நடக்கும் வியாபாரத்தில் எந்த நாட்டுக்கு வரி என்று பார்க்கும் சர்வதேச வரி என்று ஒரு துறை இருப்பதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. இவளுக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கையே பாருங்கள். 2007-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஹட்சிசன் நிறுவனம் தன் இந்திய செல்போன் தொழிலை வோடபோனுக்கு விற்றது. விலை சுமார் 1,100 கோடி டாலர். கைமாறியதோ கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கு! அதற்குக் கீழே மொரீஷியஸ் கம்பெனிகள், எல்லாவற்றுக்கும் அடியில் இந்தியத் தொழில். இந்தியாவுக்கு வரி உண்டா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம், 2012 ஜனவரியில். அதே ஆண்டு அரசு, இப்படிப்பட்ட விற்பனைக்கும் வரி உண்டு என்று சட்டத்தைத் திருத்தி, அது 1962 முதலே செல்லும் என்றது. பெரிய ரகளை. 2012 மே 28-க்கு முந்தைய பரிமாற்றங்களுக்கு இந்த வரி கிடையாது என்று 2021-இல் இறங்கி வந்தார்கள். பிந்தியவற்றுக்கு விதி இன்றும் இருக்கிறது: வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியச் சொத்து 10 கோடி ரூபாயைத் தாண்டி, மொத்தச் சொத்தில் பாதியாவது இருந்தால், அந்தக் கம்பெனியின் பங்கும் இந்தியாவில் இருப்பதாகவே கணக்கு, விற்றால் இங்கே வரி.

இங்கேதான், ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமலிருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் குறுக்கே வரும். சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது சாதகமோ அதை வரி கட்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். ஐதராபாத் தடுப்பூசி நிறுவனமான சாந்தா பயோடெக்னிக்ஸை வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் பங்குகள் சனோஃபிக்கு விற்கப்பட்டபோது, ஒப்பந்தப்படி ஆதாயத்துக்கு வரி போடும் உரிமை பிரான்சுக்கே என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. ஆனால் விற்பவர் வெறும் பெயர்ப்பலகைக் கம்பெனியா, உண்மையில் அந்த நாட்டில் தொழில் நடத்துகிறவரா என்று வரித்துறை துருவும். கம்பெனி அடுக்கை வரைவது, ஒப்பந்தப் பிரிவை வார்த்தை வார்த்தையாகப் படிப்பது, மதிப்பீட்டைச் சரிபார்ப்பது: இந்த வேலைக்குப் பொறுமையும் வாசிக்கும் வெறியும் வேண்டும். இரண்டும் அவளிடம் இருப்பதாகத்தான் தெரிகிறது.

இந்தத் துறைக்குப் போக நான் சொல்லும் வழி சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பு. அதைப் பற்றி உங்களுக்கே தெரியும், விரித்துச் சொல்லவில்லை. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வை எழுதாமலே அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சிக்கு, வெளிநாட்டு வரி வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகமாகத் தேடுங்கள். உதவித்தொகை சொற்பம்தான், ஆனால் கடன் இல்லை. சி.ஏ. இழுக்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிரிட்டனின் வரி நிபுணர் அமைப்பு நடத்தும் ஏ.டி.ஐ.டி. என்ற சர்வதேச வரித் தேர்வு இருக்கிறது. எழுத முன்தகுதி கேட்பதில்லை, இந்திய வரிக்கென்றே ஒரு தாளும் உண்டு. கட்டணம் பவுண்டில் என்பதால் இன்டர்மீடியட் முடியும்வரை அதில் பணம் போடாதீர்கள். அந்தச் சான்றிதழ் சி.ஏ.வுக்கு மாற்றும் அல்ல.

முதலில் ஒரு சோதனை. இந்தியா–மொரீஷியஸ் வரி ஒப்பந்தத்தில், சொத்தையோ பங்கையோ விற்ற ஆதாயத்தைப் பற்றிய 13-ஆம் பிரிவு வருமான வரித்துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2016 திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அதைப் படித்து, என்ன மாறியது, வோடபோன் கதைபோல மறைமுகமாகக் கைமாறும் பங்குகளுக்கு அந்த மாற்றம் பொருந்துமா என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பட்டும். அலுத்துப்போய் பாதியில் வைத்துவிட்டாள் என்றால் நானும் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன், வேறு வழி பார்ப்போம். அப்போதும் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.