தான்யாவின் சீருடையும் அலுவலகக் கோப்பும்

கேள்வி: ‘யோஜோ சென்கி’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் நான்கு பகுதிகளைப் பதினான்கு வயது மகனுடன் அமர்ந்து பார்த்தேன். ஜெர்மானியச் சீருடை அணிந்த ஒரு சிறுமி வானில் பறந்து ஆட்களைக் கொன்றுவிட்டுச் சிரிக்கிறாள். உண்மையில் நடந்த போரை மாயாஜாலக் கதையாக்கி, ஆக்கிரமித்தவர்களைக் கொண்டாடும் இத்தொடரைப் போருக்கு எதிரானது என்று சிலர் சொல்கிறார்களே, நீங்களும் அப்படித்தான் கருதுகிறீர்களா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த பிறகு அதே நான்கு பகுதிகளை நானும் பார்த்தேன். 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பான பன்னிரண்டு பகுதிகளில் மீதி எட்டையும் பார்க்காமலேயே இதை எழுதுகிறேன். நீங்கள் எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்களோ, அதை மட்டும் வைத்துப் பேசுவதே முறை.

முதலில் சீருடை. கதை நடக்கும் ஆண்டு ‘ஒருங்கிணைந்த ஆண்டு 1923’ என்று சொல்லப்படுகிறது. பேரரசர் ஆளும் நாடு, பதுங்குகுழிகள், ரைன் போர்முனை, நாற்புறமும் பகைநாடுகள் சூழ்ந்திருக்கும் அச்சம் ஆகியவை எல்லாம் முதல் உலகப் போரின்போது கைசர் என்ற பேரரசர் ஆண்ட ஜெர்மனியை நினைவூட்டுகின்றன. நாஜிகளின் ஸ்வஸ்திகா எங்கும் இல்லை. முதல் உலகப் போர் சில ஆண்டுகள் தாமதமாக மூண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனையை இட்லரின் படையோடு இணைத்துப் பார்ப்பது பிழை. ஆனால் உங்கள் ஐயத்தில் ஒரு பாதி நியாயமானது. இந்தத் தொடரில் வடக்கே லெகடோனியா என்ற நாடு எல்லை தாண்டுகிறது, மேற்கே ‘குடியரசு’ என்ற நாடு தாக்குகிறது, சிறுமியின் நாடான ‘பேரரசு’ தற்காத்துக்கொள்கிறது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் படை நடத்திச் சென்றது ஜெர்மனி. பெயர்களை மாற்றிய கையோடு, முதலில் எல்லை தாண்டியவர் யார் என்பதையும் கதாசிரியர் மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்று வரலாறு எழுதுபவருக்கு இந்த உரிமை உண்டு என்றாலும், அதனால் யாருடைய பொறுப்பு குறைகிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

இதற்கு மேல் உங்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. முதல் பகுதியில், கட்டளையை மீறிய இரண்டு வீரர்களை, நீங்கள் சொன்ன அந்தச் சிறுமி தான்யா, முன்னணியிலிருந்து விலக்கிப் பின்னால் உள்ள ஒரு காவலரணுக்கு அனுப்பிவைக்கிறாள். பாதுகாப்பான இடத்துக்கு மாற்றல் கிடைத்ததாக அவர்கள் நினைக்கலாம். பீரங்கிக்கு எளிதில் இலக்காகும் இடம் அது என்பது அவளுக்குத் தெரியும். குண்டு விழுகிறது, இருவரும் இறக்கிறார்கள், விதிப்படி அவள்மீது எந்தக் குற்றமும் இல்லை. இரண்டாம் பகுதி நம்மை இன்றைய தோக்கியோவுக்குக் கொண்டுபோகிறது. அங்கே மனிதவளத் துறை அதிகாரி ஒருவர், கெஞ்சும் ஊழியரிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பணிநீக்கச் செய்தியைச் சொல்கிறார். அந்த ஊழியரால் தண்டவாளத்தில் தள்ளப்பட்டு மாண்டுபோகும் அவர்தான், கடவுளை மறுத்துப் பேசிய குற்றத்துக்காகத் தான்யாவாக மறுபிறவி எடுக்கிறார். இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனிதரை எண்ணிக்கையாகப் பார்த்து, காகிதத்தில் கறையில்லாமல் ஒதுக்கிவிடும் அதே செயல்தான் இரண்டிலும் நடக்கிறது. அமைதிக்காலத்து அலுவலகத்தில் நல்ல அதிகாரி என்று பெயர் எடுத்த மனம், எந்த மாற்றமும் தேவைப்படாமல் போர் இயந்திரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. கொல்லும் சிறுமியை முதலில் காட்டிவிட்டு அவளுடைய முற்பிறவியைப் பிறகு சொல்லும் வரிசை எனக்கு மிகச் சரியாகப் பட்டது. முற்பிறவியை முதலில் காட்டியிருந்தால் நாம் அவள்மீது இரக்கப்பட்டு, அந்த இரக்கத்தோடேயே போர்க்களத்தைப் பார்த்திருப்போம்.

மாயாஜாலம் என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட பகுதியும் கவனிக்கத்தக்கது. இங்கே மந்திரவாதி என்பவர் மார்பில் கணக்கீட்டுக் கருவி அணிந்து, படைப்பிரிவு எண்ணோடு அனுப்பப்படும் ஒரு சிப்பாய். மந்திர ஆற்றல் இருப்பது தெரிந்தால் அநாதைக் குழந்தையையும் ராணுவம் எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் தான்யா தானாகவே முன்வந்து சேர்கிறாள். தன்னுள் இருக்கும் நான்கு மையப்பகுதிகளை ஒருசேர இயக்க முயன்று ஓயாமல் வெடிக்கும் தொண்ணூற்றைந்தாம் வகைக் கருவி, இறைவனை வேண்டினால்தான் இயங்குகிறது. நம்பிக்கை இல்லாத ஒருத்தி வேறு வழியின்றி ஜெபித்துக் கொல்கிறாள். முதல் பகுதியில் நம்மைக் குழப்பிய அந்தப் பிரார்த்தனையின் பொருள் மூன்றாம் பகுதியில்தான் விளங்குகிறது. விளங்கிய கணத்தில் எனக்கு உண்மையாகவே அச்சம் ஏற்பட்டது.

லெர்கென் என்ற அதிகாரியையும் நீங்கள் குறிப்பிடவில்லை. இந்தச் சிறுமியைப் பார்த்துக் கலங்கும் அவர், அவளைப் போர்க் கல்லூரியில் சேர்ப்பதையே எதிர்க்கிறார். அவளுடைய தகுதிக் குறிப்புகளில் குறையேதும் இல்லாததால் மேலிடம் அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. போரைக் கொண்டாடும் கதைக்கு இப்படியொருவர் தேவையே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வான்சண்டைகளில் இசை பொங்கி எழும்போது இயக்குநர் யூடகா உயெமுரா தான் கண்டிக்க வந்ததைத் தானே ரசிக்கத் தொடங்கிவிடுகிறார். மாண்டுபோகும் எதிரிகளுக்கு முகமோ பெயரோ பெரும்பாலும் இல்லை. தான்யாவின் கோரமான சிரிப்பு இரண்டாவது முறை பார்க்கும்போதே பழகிவிடுகிறது, பழகியிருக்கக் கூடாது. தான்யாவாகப் பேசும் யூகி அவோயின் குரல்தான் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. குழந்தையின் தொண்டையிலிருந்து நடுவயது நிர்வாகியின் பேச்சு வரும்போது, ஓவியத்தால் முடியாததை அந்தக் குரல் செய்துவிடுகிறது.

உங்கள் மகனைப் பற்றி: அவன் உங்களோடு அமர்ந்து பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், பார்த்து முடித்து என்ன சொன்னான் என்று எழுதவில்லை. அந்த இரண்டு வீரர்களைக் காவலரணுக்கு அனுப்பியது சரியா என்று அவனிடம் கேளுங்கள். விதியை மீறியவர்களுக்கு அது வேண்டும்தான் என்று அவன் சொன்னால், ஐந்தாம் பகுதியைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு அவனோடு பேசுங்கள்.