வீட்டில் ஆயில் மாற்றியபின் புகை வருகிறதா? கேள்வி பதில்

கேள்வி: சார், காருக்கு ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றினேன். ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் பானட் ஓரமாகப் புகை. இன்ஜின் போச்சா?

பதில்: பதறாதீர்கள். புகை எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சைலன்சரில் எதுவும் வராமல் பானட்டுக்குள் மட்டும் புகைந்தால், பெரும்பாலும் சிந்திய ஆயில்தான். ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் நின்ற ஆயில் வழிந்து எக்ஸாஸ்ட் குழாய் மேலே இறங்கியிருக்கும். இன்ஜின் நன்றாக ஆறியபின் துடைத்துவிடுங்கள். டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடிப்பதாக இருந்தாலும் ஆறிய பிறகுதான், சூட்டில் அடித்தால் தீப்பிடிக்கும். ஆயில் ஊற்றும் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டினால் மிச்சம் மீதி எரிந்து அடங்கிவிடும். நேரம் ஆக ஆகப் புகை குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ கசிகிறது.

கேள்வி: மேலே கேட்டவன்தான் சார். துடைத்தும் குறையவில்லை. ஃபில்டரைச் சுற்றி ஈரமாக இருக்கிறது.

பதில்: வண்டியை எடுக்காதீர்கள். கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரைத் தேடி எடுத்து, அதன் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புது வளையம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐடிலில் லேசாகக் கசியும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆயில் பிரஷர் ஏறி ரப்பர் பிதுங்கினால், சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் வெளியே போய்விடும். ஃபில்டரைக் கழற்றிப் பழைய வளையத்தை உரித்தெடுங்கள், புது வளையத்தில் துளி ஆயில் தடவி மாட்டுங்கள்.

கேள்வி: மேனுவலில் 3.5 லிட்டர் என்று இருக்கிறது. கேனில் 4 லிட்டர் இருந்ததால் முழுவதும் ஊற்றிவிட்டேன். இப்போது சைலன்சரில் நீலமாகப் புகைகிறது.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அளவு கூடினால், இன்ஜின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டு அடித்து நுரையாக்கும். அந்த நுரையும் ஆவியும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகக் காற்று போகும் பாதைக்குள் ஏறி, சிலிண்டரில் எரிந்து நீலப் புகையாக வரும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நுரைத்த ஆயில் பேரிங்குகளைச் சரியாகக் காக்காது. கூடுதல் ஆயில், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துடைத்துவிட்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர். அரை லிட்டர் கூடியிருந்தால், மேல் கோட்டுக்கு மேலே அந்த இடைவெளியில் பாதி உயரத்துக்கு ஆயில் தெரியும். டிப்ஸ்டிக் துளை வழியாக மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைத் தொடவே வேண்டாம். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றுங்கள். அளவு சரியான பிறகும் கொஞ்ச நேரம் புகை வரும். குழாய்க்குள் படிந்தது எரிந்து தீர வேண்டுமே.

கேள்வி: என்னுடையது டீசல். நானும் இதேபோல அதிகமாக ஊற்றிவிட்டேன். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டீசல் இன்ஜினுக்குள் ஆயில் போனால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகம் பிடிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆயிலை எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டும்போது அப்படி நடந்துவிட்டால், மேனுவல் கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். அடங்கவில்லை என்றால் இறங்கி விலகிவிடுங்கள், பானட்டைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, பைக்கை சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துதான் அளந்தேன். சரியா?

பதில்: தப்பு தம்பி, சாய்வில் அளவு மாறிக் காட்டும். நேராக நிறுத்தி அளக்க வேண்டும். டிப்ஸ்டிக்கைத் திருகி அளப்பதா, சும்மா வைத்து எடுப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்.

கேள்வி: ஆயில் மாற்றிய மறுநாள் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை. ஏதாவது தப்பாக மாட்டிவிட்டேனா?

பதில்: குளிர்ந்த காலையில் மெல்லிசாக வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால், அது சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது, ஓட்டாமல் நிறுத்துங்கள். ஆயில் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: பழைய கார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை, அப்புறம் இல்லை. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: வால்வு சீல், அதாவது வால்வு ஓரமாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர், இறுகிப்போயிருக்கும். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், உங்களுக்கு அப்படி இல்லை. மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றி, வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். குறையும் வேகம் கூடினால் சீலை மாற்றிவிடலாம்.