டொக்டரின் அறையில் உங்கள் மகளுக்கு என்ன வேலை?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் இலங்கையில் இருந்து மகளோடு மெல்பர்ன், டாண்டினோங்குக்கு வந்தேன். கணவருக்கு இரவு வேலை. மகளுக்குப் பத்து வயது. இப்போது எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் கதைக்கிறாள், “உங்களுக்கு ஒன்றும் தெரியாது அம்மா” என்கிறாள். அவளுடைய பாடசாலையில் ‘ஹப்’ என்று புதிதாக வந்த தாய்மார் கூடும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். வருவது எல்லாம் ஆப்கான் பெண்கள், எனக்குக் கூச்சம், போவதில்லை. ஆங்கில அலுவல்களை மகளே பார்த்துவிடுவாள். போன மாதம் எனக்கு இரத்தப்போக்கு நிற்காதபோது டொக்டரிடமும் அவள்தான் கதைத்தாள். இவளை எப்படிக் கண்டிப்பது?

பதில்: தங்கச்சி, பிள்ளை எதிர்த்துக் கதைக்கிறது என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த டொக்டர் விஷயத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கால் தரையில் எட்டாத கதிரையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இருந்துகொண்டு, அம்மாவுக்கு எத்தனை நாளாக இரத்தம் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று டொக்டர் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். கருப்பைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? ஏதாவது பயப்படும்படியாக டொக்டர் சொல்லியிருந்தால் உங்களுக்கு முன்னால் அதைக் கேட்டிருப்பது அவள்தானே. உங்களிடம் சொல்வதா மறைப்பதா என்று அந்த நிமிடத்தில் அவள் தனியாக முடிவெடுத்திருப்பாள். அன்றிரவு அவள் நித்திரை கொண்டாளா என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

வீட்டின் பெரிய மனுஷி வேலையை அவள் தலையில் வைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரிக் கதைக்கிறாள் என்று கோபப்படுகிறீர்கள். அவளைக் கண்டிக்க நான் வழி சொல்ல மாட்டேன். தாய் தகப்பன் சுமக்க வேண்டியதைப் பிள்ளை சுமக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. உங்கள் கணவரும் இரவு வேலை என்று சொல்லித் தப்ப முடியாது, இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கிளினிக்கில் நேரம் எடுக்கும்போதே சொல்லலாம், தமிழில் இருக்கிறார்கள், பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். டொக்டர் 131 450 என்ற அரசு சேவையைத் தொலைபேசியில் எடுப்பார், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி இருந்தால் மொழிபெயர்ப்புக்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. இதைச் சொல்லித் தர ஆள் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த ஆள் உங்கள் மகளின் பாடசாலை ஹப்பிலேயே இருக்கிறார், நீங்கள்தான் வாசலோடு திரும்பி வருகிறீர்கள்.

இந்த ஹப்புகள் அவுஸ்திரேலியாவில் 100க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் நடக்கின்றன. எங்களைப் போலப் புதிதாக வந்த தாய்மார் வேறெங்கும் போகாவிட்டாலும் பிள்ளையைக் கொண்டுவந்து விடப் பாடசாலை வாசலுக்கு வருவார்கள் என்பதால்தான் அங்கே வைத்தார்கள். நான் போய்ப் பார்த்த ஒன்றில் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெண்கள் நெருக்கியடித்து இருந்தார்கள், மேசையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், சுற்றுலாவுக்குப் பெற்றோர் ஒப்பம் கேட்கும் கடிதத்தை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆப்கான் தாய் தன் பெயரை எழுதிவிட்டு அந்தக் கடதாசியை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண்ணைப் பார்த்தா உங்களுக்குக் கூச்சம்? அவரும் போரை விட்டு வந்தவர்தான்.

அங்கே ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டதும் அரசின் இலவச ஆங்கில வகுப்பைப் பற்றி விசாரியுங்கள். 1948இல் தொடங்கியது, முன்பு 510 மணித்தியாலம்தான் என்றிருந்த எல்லையை 2021இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் விசாவுக்குக் கிடைக்குமா என்பதையும் ஹப்பை நடத்துபவரிடமே கேட்கலாம்.

சரி, முதலில் இதைச் செய்யுங்கள். இரத்தப்போக்குக்குத் திரும்பவும் டொக்டரிடம் போங்கள், தள்ளிப் போட வேண்டாம். பாடசாலை நேரத்தில் போங்கள், மகள் வகுப்பில் இருக்கட்டும். பின்னேரம் அவள் வந்ததும், டொக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள்.