அரங்கம் கேள்வி-பதில்: கதிரையோடு எழும்பிய மகாராசா

கேள்வி: சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் கழகம் ஒரு ராசா நாடகம் போடுகிறது. நடிப்பவர்கள் 14 பேர், ஒருநாள்கூட எல்லாரும் ஒன்றாக ஒத்திகைக்கு வந்ததில்லை. இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணன்? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: தம்பி, 14 பேரும் ஒன்றாக வரப்போவது நாடகத்தன்றுதான். பங்குனியில் ஒருவர் வயல் வெட்டில் நிற்பார், ஒருவர் ரியூசனில் இருப்பார், இன்னொருவர் தோணியோடு போயிருப்பார், கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்முடைய பழைய கூத்துக்காரரும் வேலைவெட்டி உள்ள சனம்தானே? அவர்கள் கிழமைக்கூத்து என்று நாள் குறித்துப் பழகினார்கள், அப்புறம் அடுக்குப் பார்த்தல் என்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுக்க ஆடிப் பார்த்தார்கள். நீங்களும் கிழமைக்கு ஒரு நாளைக் குறியுங்கள், வராதவரின் பங்கை வந்தவரில் ஒருவர் பேசட்டும், முழுதாக ஓடிப் பார்க்க ஒரு இரவையாவது ஒதுக்குங்கள். ஒருமுறை எங்கள் சேனாதிபதிக்கு நாடகத்தன்று காய்ச்சல், ஒத்திகைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பொடியன்தான் வாளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஒரு சொல் பிசகவில்லை. செருப்புத்தான் அவனுக்குப் பெரிது, அவன் போருக்குப் போய்விட்டான், ஒரு செருப்பு மேடையிலேயே நின்றுவிட்டது.

கேள்வி: உடுப்பை நாடகத்தன்று போட்டால் போதாதா? முன்பே போட்டால் அழுக்காகிவிடும் என்று ரீச்சர் சொல்கிறார். (கல்முனை வாசகி)

பதில்: போதவே போதாது தங்கச்சி. நம் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் ராசா போடும் கரப்புடுப்பு கனமானது, இடுப்பைச் சுற்றிக் கூடு மாதிரி விரிந்து நிற்கும். எங்கள் ராசா அதை முதன்முதலாகப் போட்டதே நாடகத்தன்று இரவுதான். வேடம் கட்டிய வகுப்பறைக் கதவால் நேரே வர முடியவில்லை, சரித்துச் சரித்து இரண்டு பேர் வெளியே இழுத்தோம். சரி, தப்பினோம் என்றால் சிம்மாசனம்! பட்டுத்துணி போர்த்திய, கைபிடி வைத்த பிளாஸ்டிக் கதிரை அது. இருக்கும்போது எப்படியோ உள்ளே போய்விட்டார், தூதுவன் வந்து வணங்கியதும் ஆவேசமாக எழும்பினார், கதிரையும் கூடவே எழும்பியது. மந்திரி பின்னால் போய்ப் பிடித்து இழுக்க, முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் "மெதுவா மனே, உடுப்புக் கிழிஞ்சிரும்" என்று சத்தம் போட்டார். உடுப்பு, கதிரை, தாடிப் பசை மூன்றையும் நாலு நாளைக்கு முன்பே வேர்க்க விறுவிறுக்கச் சோதித்துப் பாருங்கள். மட்டக்களப்பு வெக்கையில் அரைமணி நேரம் நிற்காத தாடி அரங்குக்கு ஆகாது. அழுக்கானால் துவைக்கலாம்தானே.

கேள்வி: பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. (திருக்கோவில் வாசகர்)

பதில்: ஊரில் அக்காமார், தங்கச்சிமாரை முதலில் கேட்டீர்களா? ஒத்திகையை மாலையில் வையுங்கள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள், வருவார்கள்.

கேள்வி: வசனம் மறந்தால்? திரைக்குப் பின்னால் ஆளை வைத்தோம், அவர் சொன்னது முழு ஊருக்கும் கேட்டது, நடிகருக்கு மட்டும் கேட்கவில்லை. (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: அவரை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? கூத்து ஆடும் களரியில், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு சபைக்கு நடுவேதான் நிற்பார், ஆடுபவர் தடுமாறினால் அவரும் பிற்பாட்டுக்காரரும் அடியெடுத்துக் கொடுப்பார்கள், சனமும் அதைக் குறையாக எடுப்பதில்லை. உங்கள் நாடகத்திலும் ஒரு கதைசொல்லியை மேடை ஓரத்தில் இருத்தி, கையில் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். அதோடு நாடகத்தையும் சுருக்குங்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்துகளைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். அவற்றில் ஆடிய மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பேராசிரியரான நம் மட்டக்களப்பு மௌனகுரு. உங்கள் வசனத்தில் பாதியைத் தைரியமாக வெட்டலாம்.

கேள்வி: நான் செத்து விழும் காட்சியில் சனம் சிரிக்கிறது. மனம் நொந்துவிட்டது. (தம்பிலுவில் வாசகர்)

பதில்: தம்பி, காலையில் பாண் வாங்கும்போது சனம் பார்த்த ஆள் இரவு சக்கரவர்த்தியாகச் சாகிறார், அவர்களுக்கு முதலில் சிரிப்பு வரத்தான் செய்யும். உடனே அழத் தொடங்காதீர்கள். விழுந்தபடியே அசையாமல் கிடவுங்கள், சிரிப்பு ஓயட்டும், அதற்குப் பிறகு உங்கள் மகனாக நடிப்பவர் மெல்ல வாய் திறக்கட்டும். நுளம்பு கடித்தாலும் கையைத் தூக்காதீர்கள்.