3டி பிரிண்டர் வந்த பிறகும் பிளாஸ்டிக் கார் மாடல் கிட்டை உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. கேள்வியைப் படித்தால், உங்கள் அலமாரியில் பிரிக்காத பெட்டி ஒன்று கிடக்கிறது, அதைத் திறப்பதா, இல்லை யார் தலையிலாவது கட்டிவிட்டு ரெடிமேட் டைகாஸ்ட் (உலோகத்தில் வார்த்து, பெயிண்டோடு வரும்) காரோ பிரிண்டரோ வாங்குவதா என்று யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். இதே கேள்வியை என்னிடம் நேரிலும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்து முடித்து வைத்த காரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்போ மெஷினே போட்டுத் தருதாமே?" என்பார்கள். அதுவும், பாலிஷ் போட்ட கூரையில் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக்கொண்டே.

கார் கிட் என்றால் ஒட்டுவதுதான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒட்டுவது மொத்த வேலையில் கால்வாசி வந்தால் அதிகம். மீதி பெயிண்ட், பெயிண்டுக்கு முந்தைய தேய்ப்பு, பெயிண்டுக்குப் பிந்தைய தேய்ப்பு. டாங்க், விமானம் செய்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் டாங்கில் ஒரு இணைப்பு சரியாக உட்காரவில்லை என்றால் அதன்மேல் சேறு பூசிவிடலாம், துரு ஏற்றிவிடலாம். கார் ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கியதாகத் தெரிய வேண்டும். பளபளப்பு எதையும் மூடி மறைக்காது. இருக்கிற குறை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1/24 அளவில் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் ஏறினால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டர். அவ்வளவு கனமாகப் பெயிண்ட் அடித்த காரை நீங்கள் ரோட்டில் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பிரஷ்ஷால் இரண்டு முறை இழுத்தாலே கதவு இடுக்கு அடைபட்டு, கதவு என்பது வெறும் கோடாகிவிடுவது இதனால்தான். அனுபவப்பட்டவர்கள் பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே அந்த இடுக்குகளை எல்லாம் கூர்முனையால் கீறி ஆழப்படுத்திக்கொள்கிறார்கள். மெட்டாலிக் கலரிலும் இதே பிரச்சினை. நிஜக் கார்களுக்கு அடிக்கும் மெட்டாலிக்கை அப்படியே அடித்தால், 24-இல் ஒரு பங்கு காரில் ஒவ்வொரு துகளும் சரிகைத் தூளாகக் கண்ணில் குத்தும். மாடலுக்கென்று வரும் பெயிண்டில் துகளைப் பொடியாக அரைத்திருப்பார்கள்.

சரி, என்ன மாறியது என்று கேட்டால், செய்கிற ஆள் மாறிவிட்டார். அமெரிக்காவில் ஏஎம்டி கம்பெனி 1948-இல் தொடங்கியபோது, கார் டீலர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கான சின்னக் கார்களைத்தான் செய்துகொடுத்தது. 1958-இல் அதே உருவங்களைத் துண்டுதுண்டாகப் பெட்டியில் போட்டு, ஒரே கிட்டில் கம்பெனியிலிருந்து வந்தபடியோ, இஷ்டப்படி மாற்றிய கஸ்டம் காராகவோ, ரேஸ் காராகவோ செய்துகொள்ளலாம் என்று விற்றார்கள். வாங்கியது பள்ளிக்கூடப் பையன்கள். ஒரு டியூப் பசை, ஒரு மத்தியானம், கார் ரெடி. ஜன்னல் கண்ணாடியில் பசை ரேகை இருந்தால் யாரும் கவலைப்படவில்லை. அமெரிக்காவில் 1/25, ஜப்பானில் 1/24 என்று இரண்டு அளவுகளும் அப்படியே நிலைத்துவிட்டன. நாலரை மீட்டர் காருக்கு ஒன்று 18 சென்டிமீட்டர், இன்னொன்று 18.75. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண் உறுத்தும். இதற்காக இரண்டு அலமாரி வைத்திருப்பவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம் ஜப்பான்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். டமியா கம்பெனியில் 1976-இல் வந்த 1/12 போர்ஷே 934 கிட்டுக்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கவனத்தின் பலனைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம். பாகங்கள் சொன்னபடி வந்து உட்காரும், பட்டி பார்க்க வேண்டிய தேவை குறைவு. இன்னொரு பக்கம் பழைய அமெரிக்கக் கிட்டுகள். கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் ஒன்றாயின, ஏஎம்டி இப்போது ரவுண்ட் 2 என்ற கம்பெனியின் கையில். ஆனால் எஃகு அச்சுகள் சாவதில்லை. தாத்தா காலத்து அச்சிலிருந்து வார்த்ததை இன்றும் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெட்டி பளபளவென்று இருக்கும், உள்ளே பாகத்தின் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதைக் குறையென்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், அந்தக் காரை வேறு யாரும் கிட்டாகப் போடவில்லை என்றால் என்ன செய்வது?

அந்தப் பள்ளிக்கூடப் பையன்கள் வளர்ந்தார்கள், நடுவில் விட்டார்கள், நாற்பது வயதுக்கு மேல் ஏர்பிரஷ்ஷோடு திரும்பி வந்தார்கள். இன்றைக்கு மும்முரமாகக் கிட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. புள்ளிவிவரம் கேட்காதீர்கள், என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பசை டியூப் போய், பிரஷ் நுனியால் தொட்டால் இடுக்கில் தானே ஓடிப் பரவும் மெல்லிய சிமெண்ட் வந்தது. சீட் பெல்ட்டுக்கு மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த பாகங்கள். குரோம் பட்டைக்கு ஒட்டி வெட்டும் தகடு. நடுவே ஒரு கொடுமையும் நடந்தது: பழைய ஃபார்முலா 1 கிட்டுகள் மறுபடி வரும்போது சிகரெட் விளம்பர டெக்கால்கள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள்) பெட்டியில் இருப்பதில்லை. காரின் பாதி அழகே அந்த எழுத்தில்தான் இருந்தது. இப்போது அதை வேறு யாரோ அச்சிட்டு விற்பதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், நான் புகைத்ததே இல்லை.

இப்போது உங்கள் பிரிண்டருக்கு வருகிறேன். என் அக்கா மகன் ஒரு ரெசின் பிரிண்டர் வைத்திருக்கிறான், திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைக்கும் வகை. கெட்டிக்காரன். கிட்டாக யாரும் வெளியிடாத ஒரு பழைய நாலு கதவு செடானுடைய டிஜிட்டல் ஃபைலை எங்கிருந்தோ வாங்கி, முழு பாடியையும் 1/24 அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். கிட் கம்பெனிகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மோகம். குடும்பத்தோடு போகிற காரை அவ்வளவு சுலபத்தில் கிட்டாகப் போட மாட்டார்கள். அதனால் எனக்கும் ஆசைதான். கையில் வாங்கிப் பார்த்தேன். கிரில்லின் கம்பிகள் முடிபோல அவ்வளவு மெல்லியதாக வந்திருந்தன, அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அது நடக்காது. "பிரிண்ட் வந்துட்டா எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் மாமா, இனி கலர் அடிக்கிறதுதான்" என்றான். கருநீலம் அடிக்கலாம் என்று அவனே முடிவும் செய்துவிட்டான்.

நான் எதுவும் சொல்லவில்லை. சாம்பல் நிற பிரைமரை ஒரு மெல்லிய கோட் மட்டும் அடித்து, மேஜை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாடியைப் பிடித்துக் காட்டினேன். கூரை முழுக்க மரப்பலகையின் ரேகை மாதிரி வளையம் வளையமாகக் கோடுகள். பிரிண்டர் 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாகக் கட்டுகிறது. மேலே சொன்ன கணக்குப்படி நிஜக் காரில் அது 1.2 மில்லிமீட்டர் படி. செங்குத்தான கதவில் இது அவ்வளவாகத் தெரியாது. கூரை, பானெட் மாதிரி கிட்டத்தட்ட தட்டையாக வளையும் இடங்களில் ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் அகலமாக விரிந்து தெரியும். வெறும் ரெசினில் கண்ணுக்குப் படாதது, பிரைமரில் பட்டும்படாமல் தெரிவது, கருநீலப் பளபளப்பில் தெருமுனையிலிருந்தே தெரியும்.

ஆக, வாட்டர் பேப்பரை எடுத்தோம். ரெசின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். 400-ஆம் நம்பர் பேப்பர், 600, மறுபடி பிரைமர், மறுபடி விளக்கடியில் பார்த்தல், கோடு தெரியும் இடத்தில் மறுபடி தேய்த்தல், கடைசியில் 1000. ஜன்னல் தூண்களுக்கு விரல் நுழையாது, பேப்பரை மெல்லிய குச்சியில் சுற்றித் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பாடியின் நடுவே செல்லும் முகட்டுக் கோட்டைத் தேய்த்து அழித்துவிடாமல் அதன்மேல் டேப் ஒட்டிக் காப்பாற்ற வேண்டும். பையன் பாதியில் நிமிர்ந்து, "கிட்டைவிட இதுல வேலை ஜாஸ்தியா இருக்கே மாமா" என்றான். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

கண்ணாடி விஷயம் அதற்கப்புறம்தான் வந்தது. தெளிவான ரெசின் என்று விற்பதில் பிரிண்ட் எடுத்தால் ஜன்னல் மங்கலாக வருகிறது, நாளாக ஆக மஞ்சளும் பாய்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் ஓரளவுக்குத் தேறும், ஆனால் கிட்டில் வரும் கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில் நிற்காது. பக்கவாட்டு ஜன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் போட்டோம். முன் கண்ணாடி வளைவானது. அதற்கு என் கையிருப்பில் செய்யாமல் கிடந்த ஒரு கிட்டின் கண்ணாடியை எடுத்து ஓரம் தேய்த்துப் பொருத்தினேன். டயரும் அதிலிருந்துதான், ஹெட்லைட் லென்ஸும் அதிலிருந்துதான். பிரிண்டர் கிட்டைச் சாகடித்துவிட்டது என்கிறீர்கள். என் வீட்டில் உறுப்பு தானம் செய்தது கிட்.

முடிந்த கார் நன்றாக இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. பிரிண்டருக்கு நான் எதிரி என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒயர் வீல், கார்புரேட்டர், பிரேக் டிஸ்க் எல்லாம் நானே அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முன்பெல்லாம் இதற்காக மெல்லிய கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அல்லது கைவேலைக்காரர் யாராவது ரெசினில் வார்த்து விற்பதற்குக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பை பிரிண்டர் ஒழித்துவிட்டது. பெயிண்டை ஒழிக்கவில்லை. சொல்லப்போனால் தேய்க்கிற வேலையைக் கூட்டிவிட்டது.

விளக்கடியில் கோடு பார்த்ததைச் சொன்னேன் இல்லையா, அதில் இன்னொரு வயிற்றெரிச்சல். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வயது காரணமாகக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் வேலைக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஒரு கடைக்குப் போனேன். கையளவு தூரத்தில் வைத்து நுணுக்கமான வேலை செய்கிறவன் என்று தெளிவாகச் சொன்னேன். அவர்கள் தலையில் கட்டியது புரோகிரசிவ் லென்ஸ். நடப்பதற்கும் டிவி பார்ப்பதற்கும் பிரமாதம். ஆனால் அதில் கிட்டத்தில் பார்க்கும் பகுதி கீழே ஒரு சின்னத் துண்டு, ஓரத்துக்குப் போனால் எல்லாம் கோணல். காரின் பக்கவாட்டில் ஒரு நேர்க்கோட்டு டேப் ஒட்டக் கழுத்தை ஆட்டி ஆட்டி நான் பட்ட பாடு. திரும்பப் போய்ச் சொன்னால், "பழகிடும் சார்" என்று ஒரே பதில். பழகவில்லை. வேலை தூரத்தைச் சொல்லி அதற்கென்று ஒற்றைப் பவரில் சாதாரணக் கண்ணாடி வேறொரு இடத்தில் போட்டுக்கொண்டபின்தான் விடிந்தது. அதன் விலை முதல் கண்ணாடியில் ஒரு துளி, அதனால்தான் அதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

டைகாஸ்ட் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். காரைப் பார்த்து ரசிப்பது ஒரு ஆசை, காரைச் செய்வது இன்னொரு ஆசை. இரண்டும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். டைகாஸ்ட் வைத்திருப்பவரைக் கேவலமாகப் பார்க்கும் கிட்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

பெட்டியைத் திறப்பதென்று முடிவு செய்தால், அது எஞ்சின் இல்லாத கிட்டாக இருந்தால் நல்லது. முதல் கார் முடியாமல் போவதே எஞ்சினுக்கு ஒயர் இழுக்க உட்கார்ந்துதான். உள்ளே பாடி வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதிர்ஷ்டம். சிவப்பாக இருந்து அதன்மேல் வெள்ளை அடிக்க நினைத்தீர்களென்றால், பிளாஸ்டிக்கின் சாயம் லாக்கர் பெயிண்ட் வழியாக ஊறிவந்து ரோஸ் நிறமாகிவிடும். நடுவில் சில்வரை ஒரு கோட் அடித்துச் சாயத்தை அடைத்துவிட்டு மேலே போங்கள், அல்லது பேசாமல் சிவப்புக் காராகவே விட்டுவிடுங்கள். கண்ணாடிப் பாகத்தை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி படிந்து வெண்புகை பூத்துவிடும். காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை போதும், சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வீடியோக்களில் வரும் இரண்டு பாகம் கலக்கும் கிளியர் கோட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மினுமினுப்பு அபாரம்தான், ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை. சரியான ரெஸ்பிரேட்டரும் காற்றை வெளியே தள்ளும் வசதியும் இல்லாவிட்டால், சாதாரண லாக்கர் கிளியரை மெல்லிய கோட்டாகப் பல தடவை அடியுங்கள். அதையும் ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில், மாஸ்க்கோடு.

கடைசி கோட்டுக்குப் பிறகு காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் சபலம் வரும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை கொஞ்சமாவது வந்தால் இன்னும் காயவில்லை, மூடி வைத்துவிட்டு வீல்களைச் செய்யப் போங்கள்.