மரச்சட்டம் உள்ள பழைய எம்ஜி காரை வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா? எந்த மரம் போடலாம்?

தாத்தா காலத்து எம்ஜி டிடி (எம்ஜி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று கும்பகோணம் பக்கம் கொட்டகையில் நிற்கிறது, கதவு தொங்கிப்போய்விட்டது, வீட்டிலேயே வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் நெல் கொட்டகையில் வைத்து அதே டிடி ஒன்றை நான் செய்து முடித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது மெக்கானிக்கை இல்லை, ஆசாரியை.

காரணம் இதுதான். எம்ஜி மாடல்களில் 1945 முதல் 1949 வரை வந்த டிசி, 1950 முதல் 1953 வரை வந்த டிடி, அதற்கப்புறம் 1955 வரை வந்த டிஎஃப், மூன்றிலும் சேஸிஸ், அதாவது இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் அடித்தளம், இரும்பு. அதன் மேல் உட்காரும் உடம்புதான் ஆஷ் என்ற சீமை மரத்தில் சட்டம் கட்டி, மேலே தகடு போர்த்தியது. தகட்டின் விளிம்பை மடக்கிச் சின்னச் சின்ன ஆணிகளால் மரத்தில் அடித்திருப்பார்கள். (மோர்கன் என்ற இன்னொரு இங்கிலாந்துக் காருக்குச் சேஸிஸே மரம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதிலும் மரம் இருப்பது உடம்பில்தான்.) ஆகவே கதவு தொங்குவது, முன் கண்ணாடி சாய்வது எல்லாம் பெரும்பாலும் மரத்தின் வியாதி. டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பினால் கதவைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி அழகாகத் தருவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி தொங்கும்.

டிடியில் கதவுக்குக் கீல் பின்பக்கம். கதவின் மொத்த எடையும் பின்தூணில்தான் தொங்குகிறது. அந்தத் தூணின் அடி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் மரமான கீழ்ச்சட்டத்தோடு சேரும் இடம்தான் முதலில் போகும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். கம்பளத்தைத் தூக்கிவிட்டு ஒரு கோணி ஊசியால் குத்திப் பாருங்கள். என் வண்டியில் தூணின் அடியில் ஊசி தங்குதடையில்லாமல் இறங்கியது, உள்ளேயிருந்து காப்பித்தூள் மாதிரி கொட்டியது. நாலு விரற்கடை மேலே போய்க் குத்தினால் ஊசி முனை கூட ஏறவில்லை. இப்படித்தான் நல்ல மரம் எது, போன மரம் எது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். பின் சக்கர வளைவு, கால் வைக்கும் பலகையின் ஓரம், பெட்ரோல் டேங்குக்கு முன்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், இவற்றையும் விடாதீர்கள்.

எந்த மரம்? ஆஷ் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, அதிர்ச்சி தாங்கும், ஆணியைப் பிடித்துக்கொள்ளும், சேஸிஸ் முறுக்கும்போது கூடவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் ஈரத்துக்கும் கரையானுக்கும் சுத்தமாகத் தாங்காது, நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இறக்குமதி மரம் விற்கும் கடைகளில் இன்றும் ஆஷ் கிடைக்கும், இங்கிலாந்தில் வெட்டித் தயாராக்கிய சட்டங்களையே விற்கவும் செய்கிறார்கள். சுங்கமும் கப்பல் கூலியும் கொடுக்க மனமிருந்தால் அதுவே சுலபம். நான் பழைய வீடு இடித்த தேக்கு வாங்கினேன். எடை ஏறத்தாழ ஆஷ் அளவுதான், நன்றாகக் காய்ந்திருக்கும், கரையான் அண்டாது, இரும்பு ஆணியோடும் சண்டை போடாது. ஒரே தொல்லை அதன் எண்ணெய்ப்பசை. ஒட்டுவதற்குச் சற்று முன் இணைப்பைத் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பசையும் இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்ஸிதான் வேண்டும். வீட்டு மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசை வெயிலில் நிற்கும் காருக்கு ஆகாது.

ஆசாரி நாட்டுக்கருவேலம் சொல்லக்கூடும். வண்டிச் சக்கரத்துக்கு அதை மிஞ்சியது இல்லை என்பது உண்மை. இங்கே வேண்டாம். எடை அதிகம், துவர்ப்புச் சத்தும் அதிகம். ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றிக் கறுத்து, தகட்டையும் அரிக்கும். பூவரசு நல்ல உரமான மரம், வளைந்த துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். கீழ்ச்சட்டத்துக்கு வேண்டிய நீளத்தில் நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆசாரி கிடைப்பாரா என்று கவலைப்படாதீர்கள். தேர் வேலை நடக்கும் மண் இது. எனக்கு வாய்த்தவர் கோயில் வாகனங்களுக்கும் தேர்ச் சட்டங்களுக்கும் வேலை செய்தவர், கார் வேலை தெரியாதவர். தெரியாததே நல்லதாகப் போயிற்று. நான் வரைந்து வைத்திருந்த அளவுத் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்கிய பழைய துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதுல எல்லாம் இருக்கு. கதவ மாட்டிப் பாக்காம தகட்ட மட்டும் அடிச்சிடாதீங்க” என்றார். மொத்த வேலைக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்.

அதாவது, மரத்தை முழுக்க ஒரேயடியாகப் பிரிக்கக் கூடாது. பிரிக்கும் முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்து உடம்பை இறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் அளவுக்கு நிற்கட்டும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, கை வேலைதானே. அந்த வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள். புதுச் சட்டத்தைச் சேஸிஸில் ஏற்றி எல்லா போல்ட்டையும் முறுக்கி, வண்டி தன் சக்கரத்திலேயே சமதரையில் நிற்கும்போது கதவை மாட்டுங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி வந்த பிறகுதான் பசை, அப்புறம்தான் தகடு. இழைத்து இழைத்துப் பார்க்கும் இந்த இடத்தில்தான் ஆசாரி கூலி அதிகம் ஆகும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சித்திரை வெயிலில் பொருத்துவதானால் கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விடுங்கள், கார்த்திகையில் மரம் ஊதும். குறுக்கே வெட்டிய முனைகள்தான் தண்ணீரைக் குடிக்கும், அவற்றுக்கு எபாக்ஸி இரண்டு கை. ஆஷ் போடுவதானால் போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரை முன்னதாகவே பூசிக் காயவைத்தால் பூச்சி வராது. பழைய துண்டுகளைக் கடைசி வரை தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் யாராவது போகிக்கு எடுத்துக் கொளுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருந்தாலும் அங்கே பயப்பட ஒன்றுமில்லை. 1250 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். அம்பாசிடரைப் பிரித்துப் பழகிய எந்தப் பெரியவரும் செய்வார். இரண்டு விஷயம் மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு, மரை மட்டும் மெட்ரிக், அதுவும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை வைத்து முறுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரை போய்விடும். இன்னொன்று, பேட்டரியின் பிளஸ்தான் இதில் எர்த். பழக்க தோஷத்தில் மைனஸை பாடியில் கொடுத்துவிடுவார்கள். உடைந்த பித்தளைச் சாமான்களுக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகள் இருக்கின்றன. என் கண்ணாடித் தாங்கியை அங்கேதான் வார்த்து வாங்கினேன்.

பதிவு விஷயத்தையும் இப்போதே கவனியுங்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேலான கார்களுக்கு விஏ வரிசையில் தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸிஸ், உடம்பு, இன்ஜின் மூன்றில் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எனவே உருவத்தில் கை வைக்காமல், பிரிக்கும் முன்பும் பிரித்த பிறகும் படம் எடுத்து வையுங்கள். தினசரி ஓட்டவும் அனுமதி கிடையாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பழுது பார்க்க, பெட்ரோல் போட, அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழ்ச்சட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது. இரண்டு பின்தூண்களின் அடியையும் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தூண் மட்டும் என்றால் உடம்பைச் சேஸிஸிலிருந்து இறக்காமலே முடித்துவிடலாம்.